பின்னால் கட்டிய கைகள்

பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் ஒரு மர அலமாரி உண்டு. அதன் கீழ்த்தட்டில் வெள்ளைத் துணிச் சதுரங்கள் அடுக்கி வைத்திருக்கும். பழைய படுக்கை விரிப்புத் துணிதான். ஆனால் பலமுறை வெந்து பலமுறை காய்ந்து பூ மாதிரி ஆகிப்போன துணி. நாலு ஓரமும் மடித்துத் தைத்திருக்கும். வெறுங்கையோடு பிரசவத்துக்கு வந்து சேரும் பெண்களுக்கு நர்சுகள் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பிறந்த பிள்ளையைச் சுற்ற அதைவிட நல்ல துணி கிடையாது. ஸ்டோரிலிருந்து வருகிறது என்று நர்சுகள் நினைத்திருந்தார்கள். ஸ்டோர்காரரோ அப்படி ஒரு துணியைக் கண்ணால் கண்டதில்லை.

அதை வைத்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்தார். கிழிந்து கழித்துப்போடும் விரிப்புகள் தரை துடைக்கத்தான் போகும். அண்ணி அவற்றில் நல்லதாக இருக்கும் நடுப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் தையல் மிஷினில் ஓரம் அடித்து, இன்னொரு முறை வேகவைத்து, மடித்துக் கொண்டுபோய் அந்தத் தட்டில் வைத்துவிட்டு வருவார். வாசலோடு சரி. உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

என் மகள் பிறந்தபோது அவளையும் அந்தத் துணியில்தான் சுற்றிக் கொடுத்தார்கள். அப்போது எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அண்ணி துணி மடிக்கிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான், இந்த மடிப்பை முன்னே எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பொறி தட்டியது. மூலையோடு மூலை அப்படிப் பொருந்தும். கூட வேலை செய்த பெண்கள் அவருக்கு மடிப்பக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். “மடிப்பக்கா மடிச்ச போர்வைய வெச்சு முகச்சவரம் பண்ணிக்கலாம்டி, அவ்வளவு கூர்மை” என்று சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்.

இத்தனை பிள்ளைகளுக்குத் துணி தைத்தவர் ஒரு பிள்ளையைக் கையில் தூக்கியதில்லை. நான் கல்யாணமாகி வந்த வீட்டில்தான் அண்ணியும் இருந்தார். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் மாடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். “வேலைக்குப் பக்கம்மா, நடை மிச்சம்” என்றார். மகள் பிறந்த பிறகு வாராவாரம் பார்க்க வருவார். வாசல் நிலைக்குப் பக்கத்தில் உட்காருவார். “பாயில படுக்க வையேன், பாக்கறேன்” என்பார். படுக்க வைத்தால் கொஞ்ச தூரத்தில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். பிள்ளை சிரித்தால் அவரும் சிரிப்பார். கை மட்டும் முன்னால் வராது.

“தூக்குங்க அண்ணி, கடிச்சிட மாட்டா” என்று நான் சொன்னால், “சலவை சோடாவுல ஊறின கைம்மா இது. பச்ச உடம்பு, உறுத்தும்” என்பார்.

எனக்கு அப்போது மனசு கஷ்டப்பட்டது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால் பட்டறைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவார். அவருக்கு வெல்டிங் பட்டறை. இரும்பை ஒட்டவைக்கத் தெரிந்த மனுஷருக்கு இரண்டு வார்த்தையை ஒட்டவைக்க வராது. ரொம்ப நாள் கழித்து ஒரு தடவைதான் சொன்னார்.

“எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல?”

“உங்களப் பெத்துட்டுத் தவறிட்டாங்கன்னு சொன்னாங்க.”

“புத்தி பேதலிச்சுப் போச்சாம். என்னைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணித் தொட்டியில போடப் பாத்தாங்களாம். பெரியம்மா பிடுங்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள்ல போயிட்டாங்க. அக்காவுக்கு அப்படியே அம்மா முகம். ‘உனக்கும் அதே ரத்தம், பச்சப்புள்ள பக்கம் போகாதே, கல்யாணம் காட்சின்னு ஆசப்படாதே’ன்னு சொல்லிச் சொல்லியே பெரியம்மா வளத்தாங்க.”

“நீங்களும் அந்த வயித்துல பொறந்தவர்தானே?”

“ஆம்பளைக்கு யாரு அதெல்லாம் பாக்கறா?” என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியம்மா என்பது என் மாமியாரின் அக்கா. பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவம் பார்த்ததும் அவர்தான், தாயில்லாத இரண்டு பிள்ளைகளையும் எடுத்து ஆளாக்கியதும் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு கூசும். தனக்கு இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டவர். நான் இந்த வீட்டுக்கு வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணியின் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். விடியற்காலையில் பிரார்த்தனைக்கு உட்காரும்போது, ஆண்டவனே அந்தக் கையை ஒரு தரம் முன்னால் கொண்டுவந்து விடு என்று கேட்பேன். கேட்டுக்கொண்டே வருஷங்கள் போயின. என் மகளுக்கும் கல்யாணம் ஆனது. அவளும் முழுகாமல் இருந்தாள்.

மாதாந்திரச் சோதனைக்கு நானும் மகளும் போயிருந்தோம். டாக்டரம்மா சின்னப் பெண். “குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, மனநோய் ஏதாவது இருந்திருக்கா? அப்பா வழி, அம்மா வழி ரெண்டும் சொல்லுங்க” என்று கேட்டார். மனநோய் என்ற வார்த்தையில் நான் தடுக்கி விழுந்துவிட்டேன். என் முகத்தை மகள் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும் பெஞ்சியில் என்னை உட்காரவைத்துக் கேட்டே தீர்த்தாள். சொன்னேன்.

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, “எனக்கும் வருமாம்மா?” என்றாள்.

நான் படித்தது ஐந்தாவது. கடவுளை நம்பு என்று மட்டும் சொன்னேன்.

அவள் கடவுளையும் நம்புவாள், விசாரிக்காமலும் விடமாட்டாள். அன்றிலிருந்து குடும்பத்தில் யார் யார் எதனால் செத்தார்கள் என்று வயதானவர்களைத் துளைத்து எடுத்தாள். ஒருவருக்கு மகோதரமாம், இன்னொருவருக்குக் குன்மமாம், என் பெரிய மாமனாருக்குச் சயரோகமாம். “நம்ம குடும்பத்துல செத்தவங்க பேர விட வியாதிங்க பேரு நல்லாருக்கும்மா” என்றாள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். மகோதரம் என்றால் வயிற்றில் நீர் கோத்து வீங்குவது. குன்மம் என்றால் வயிற்றுப்புண். சயரோகம்தான் டி.பி. என் மாமியாருக்கு மட்டும் யாரும் வியாதியின் பேர் சொல்லவில்லை. எல்லாரும் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் அவள் நகராட்சியில் எழுதிப்போட்டு மாமியாரின் இறப்புப் பதிவுக்கு நகல் வாங்கினாள். நோயின் பெயர் என்ற இடத்தில் சூதிகா சன்னி என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. எங்களுக்கு அது ஒரு வெளிச்சமும் தரவில்லை, இருட்டைத்தான் கூட்டியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“சன்னின்னா பிதற்றறதுதானே? பெரியம்மா சொன்னது சரியாப் போச்சு.”

“முன்னாடி என்னமோ இருக்கேப்பா, சூதிகான்னு?”

“என்ன எழவோ. வேண்டாம்மா, மூடி வை. அக்காகிட்டக் காட்டிடாதே.”

மகள் மூடி வைக்கவில்லை. பிரசவ வார்டின் பெரிய சிஸ்டரிடம் கொண்டுபோனாள். நானும் போனேன். ஓய்வு பெறும் வயதிலிருந்த அம்மாள் அவர். பழைய நாளில் எழுதும் பேர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். நகலைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“சூதிகான்னா பிள்ள பெத்து எழுந்திருக்காத பொம்பள. பிள்ள பெத்தவளுக்கு வர்ற காய்ச்சல், அது தலைக்கு ஏறி வர்ற பிதற்றல், அதைத்தான் அப்ப இப்படி எழுதுவாங்க. உள்ள புண்ணுல கிருமி போயிடும். சீழ் பிடிச்சு ரத்தத்துல கலந்துடும். காய்ச்சல் கொதிக்கும். ஆளு அடையாளம் தெரியாது, எழுந்து ஓடுவாங்க. இது பைத்தியம் இல்லம்மா.”

“பரம்பரையா வருமா சிஸ்டர்?” என்று மகள் கேட்டாள்.

“புண்ணு சீழ் பிடிக்கறது எப்படிப் பரம்பரையா வரும்? பிள்ள பெத்தப்புறம் மனசு கெடறதும் சிலருக்கு உண்டு. அது வேற. அதுக்கும் இப்ப வைத்தியம் இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா இதுல எழுதியிருக்கறது காய்ச்சல்.” கொஞ்சம் யோசித்தார். “எழுதினவங்க சரியா எழுதினாங்களான்னு சந்தேகம் வரலாம். அவங்க உடம்பு சுட்டுச்சான்னு தெரிஞ்சா போதும், தீந்துபோச்சு. பார்த்தவங்க யாராவது உசிரோட இருக்காங்களா?”

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அதே ஆஸ்பத்திரியில், கீழே சலவைக்கூடத்தில், விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். அம்மா செத்தபோது அவருக்கு விவரம் தெரிந்த வயது. நீ என்ன பார்த்தாய் என்று அவரை இத்தனை காலம் யாரும் கேட்டதில்லை.

எழுந்து வரும்போது சிஸ்டர், “யாரு பிரசவம் பாத்தது?” என்று கேட்டார். “வீட்டுப் பெரியவங்க” என்றேன். “அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? கை கழுவணும்னுகூட யாரும் சொல்லிக் குடுக்கல” என்று பெருமூச்சு விட்டார்.

சலவைக்கூடம் எப்போதும் மழை பெய்து விட்ட மாதிரி ஈரமாக இருக்கும். நீராவியில் சுவரெல்லாம் வேர்த்திருக்கும். மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். நீண்ட மேஜைக்குப் பக்கத்தில் அண்ணி தனியாக நின்றிருந்தார். கூட மடிக்கிற பெண் அன்று வரவில்லை.

“நல்ல நேரத்துல வந்தே. இந்தா, அந்த ரெண்டு முனையப் பிடி” என்றார்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு மறுபடி விலக வேண்டும். பக்கத்தில் வரும்போது ஒரு வார்த்தை, விலகும்போது மௌனம் என்று நான் மெல்லக் கேட்டேன்.

“அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கம்மா கடைசியா படுத்திருந்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

அண்ணி முனையை வாங்கிக்கொண்டார். “இப்ப என்ன அது?”

“சும்மாதான். உடம்பு சுட்டுச்சா அவங்களுக்கு?”

அண்ணி பின்னால் நடந்துபோனார். விரிப்பு எங்களுக்கு நடுவே நீண்டது. திரும்பி வந்தபோது குரல் சின்னதாகியிருந்தது.

“என் கன்னத்துல கை வெச்சாங்க. அடுப்புல இருந்து இறக்குன சட்டியாட்டம் இருந்துச்சு. நான் பயந்து ஓடிட்டேன்.”

“வேற என்ன பாத்தீங்க?”

“பல்லு கிட்டிச்சு நடுங்கினாங்க. கம்பளி போத்தினா உதறிட்டு, எரியுது எரியுதுன்னாங்க. அப்புறம்தான் தம்பியத் தூக்கிட்டுத் தொட்டிக்கிட்ட ஓடினது. புள்ள எரியுது, புள்ள எரியுதுன்னு சொல்லிக்கிட்டே ஓடினாங்க. பைத்தியம் பிடிச்சா உடம்பு அப்படித்தான் கொதிக்கும்போலன்னு நெனச்சேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்தாக்கூட, வந்துடுச்சு, எனக்கும் வந்துடுச்சுன்னு கதவ சாத்திக்குவேன்.”

நான் நின்றுவிட்டேன். கடவுளை மனசில் நினைத்துக்கொண்டு, சிஸ்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். அது பைத்தியம் இல்லை, காய்ச்சல். பிள்ளை பெற்ற புண்ணில் வந்த காய்ச்சல். ரத்தத்தில் வருகிறதில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு வராது, பேத்திக்கும் வராது.

அண்ணியின் கையிலிருந்து விரிப்பு நழுவி ஈரத் தரையில் விழுந்தது. வெளுத்த துணி அவர் கையிலிருந்து தரையில் விழுந்து யாரும் பார்த்ததில்லை.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல அண்ணி.”

“இனிமே இல்லைங்கறியா?”

“எப்பவுமே இருந்ததில்ல அண்ணி.”

குனிந்து விரிப்பை எடுத்தார். அழுக்கான இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். “இதைத் திரும்பத் துவைக்கணும்” என்றார். கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் நானும் அவருடைய மாடி அறைக்குப் போனோம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மடித்து அடுக்கிய துணி, அவ்வளவுதான் அந்த அறை. என் வீட்டுக்காரர் உட்காரக்கூட இல்லை.

“கழுவாத கையோட பெரியம்மா பிரசவம் பாத்துட்டு, செத்தவள பைத்தியக்காரி ஆக்கிட்டாங்கக்கா! உன் வாழ்க்கையே போச்சு!”

“கத்தாதடா. அவங்களுக்கு என்ன தெரியும்? கண்ணால பாத்ததச் சொன்னாங்க. உனக்குச் சோறு ஊட்டினதும் அதே கைதான்” என்றார் அண்ணி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அந்த மனுஷனுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டேன்” என்றார்.

எந்த மனுஷன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. எனக்குச் சலவைக்கூடத்துப் பெண்கள் சொல்லிக் கொஞ்சம் தெரியும். அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு காலைச் சாய்த்து நடப்பார். அண்ணியின் சாப்பாட்டுத் தூக்கைக் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் சூடாகத் திருப்பிக் கொடுப்பார். “பாய்லர் எரியறது கரியிலயா, மடிப்பக்கா பார்வையிலயா?” என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்களாம். ஒரு நாள் அவர் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று நேரடியாகவே கேட்டாராம். அண்ணி வேண்டாம் என்றாராம். காரணம் சொல்லவில்லை.

“என் காலப் பாத்துத்தான் வேண்டாம்னியான்னு கேட்டாரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எங்கம்மா பைத்தியம்னு எப்படிச் சொல்றது? தலையக் குனிஞ்சுட்டு நின்னேன். சரின்னு போயிட்டாரு. அப்புறம் வேற ஊருக்கு மாத்திக்கிட்டாரு. தன் கால் நொண்டிங்கறதாலதான்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரு” என்றார் அண்ணி.

“விசாரிக்கலாம்க்கா, எங்க இருக்காருன்னு…”

“எதுக்குடா? அவரு பேரன் பேத்தியோட இருப்பாரு. நல்லா இருக்கட்டும்.”

அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசவில்லை. பைத்தியம் என்ற சொல்லையும் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆண்டவன் புண்ணியம். அண்ணி அன்று முதல் முறையாகப் பிரசவ வார்டுக்குள் வந்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். மனசுக்குத் தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேர இவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியாது. கட்டில் பக்கத்தில் வந்ததும் அண்ணியின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

“அத்தை, கைய முன்னாடி கொண்டு வாங்க” என்றாள் மகள்.

“இரு, கழுவிட்டு வரேன்.”

வார்டு மூலையில் இருந்த குழாய்க்குப் போனார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி போட்டுக் கழுவினார். முழங்கை வரை தேய்த்தார். துடைத்துக்கொண்டு கட்டில் வரை வருவார், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பவும் குழாய்க்குப் போவார். பக்கத்துக் கட்டில்காரி, “யாரு இவங்க, பெரிய டாக்டரா?” என்று கேட்டாள். மகள் சிரித்தாள். அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஒரு விரலை நீட்டி, துணிக்கு வெளியே தெரிந்த பிள்ளையின் குதிகாலைத் தொட்டார். தொட்டதும் எடுத்துக்கொண்டார்.

“இன்னைக்கு இது போதும். நாளைக்குத் தூக்கறேன்.”

அந்த நாளை வரவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வாரம் ஒரு முறை வந்தார். பாதத்தைத் தொட்டார். பிறகு கையைத் தொட்டார். ஒரு நாள் தலையைத் தடவினார். அவசரப்படுத்தாதே, ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவாங்க என்று மகளிடம் சொன்னேன். அதற்குள் அண்ணிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்து நீராவியும் பஞ்சுத் தூசியும் நெஞ்சில் தங்கியிருந்தது என்றார்கள். இதயமும் தளர்ந்துவிட்டது என்றார்கள். தான் பாதி ஆயுளுக்கு மேல் விரிப்பு வெளுத்துக் கொடுத்த அதே ஆஸ்பத்திரியில், வேறொருத்தி மடித்த விரிப்பில் படுத்திருந்தார். நான் முதல் நாள் பார்க்கப் போனபோது, விரிப்பின் மூலையைப் பிடித்துக் காட்டி, “பாரேன், முனை ஒட்டல. சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கணும்” என்றார்.

அந்த வார்டில் குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அண்ணி வார்டு சிஸ்டரிடம் என்ன சொன்னாரோ, நான் மறுபடி போன மத்தியானம் சிஸ்டரே என்னிடம் வந்து, “நாளைக்கு ஒரு தடவை மட்டும் பாப்பாவக் கொண்டு வாங்க, அஞ்சு நிமிஷம்” என்றார். அண்ணிக்கு அது கேட்டது. என் வீட்டுக்காரர் கஞ்சி கொண்டு வந்திருந்தார். இரண்டு வாய் குடித்தார். தம்பியின் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். “சுடல” என்று எனக்குச் சொன்னார். எனக்கு மட்டும்தான் அது புரிந்தது.

கிளம்பும் நேரம் மணி அடித்தார்கள். நான் போர்வையை இழுத்துவிட்டு எழுந்தேன். அண்ணியின் இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே, முன்னால் இருந்தன. சோப்பு வாசனை அடித்தது. வாசல் வரை போனவளைக் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“நாளைக்கு மறக்காம அவளக் கொண்டு வா. நான் கையக் கழுவி வெச்சிருப்பேன்.”